காரணம் கேட்காத கவுண்டர்

புல்வெட்டும் வண்டியின் போல்ட் அசைய மறுத்தது. போல்ட் திருகும் ராட்செட்டின் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி என் மொத்த எடையையும் அதன்மேல் போட்டேன். ஹால்டன் டிபார்ட்மென்ட் ஸ்டோரின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருடம் கைக்கருவி விற்றவன் நான். பிடியை நீட்டக் குழாய் மட்டும் போடாதீர்கள், கருவி உடையும் என்று இண்டியானாவின் பாதி விவசாயிகளுக்கு உபதேசம் செய்தவன். ராட்செட்டின் தலை பிளந்தது. குழாய் பறந்துபோய் அடுப்படி ஜன்னலை உடைத்துக்கொண்டு, என் மனைவி நோரீன் செய்து வைத்திருந்த உருளைக்கிழங்கு சாலட்டில் இறங்கியது.

ஜன்னல் இருந்த இடத்தின் வழியாக நோரீன் என்னைப் பார்த்தாள். "டேரல்கிட்ட கொண்டு போ. மாத்தித் தருவான்."

கண்ணாடியைவிட அந்தப் பெயர்தான் குத்தியது.

ஹால்டனில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் லிங்க்வுட் பிராண்ட் கருவி எப்போது உடைந்தாலும் புதிது தருவோம். எப்படி உடைந்தது என்று கேட்கக் கூடாது. டிராக்டர் ஏறிய ஸ்பேனர், உளியாக உழைத்து மூக்கிழந்த ஸ்க்ரூடிரைவர், எது வந்தாலும் முகம் மாறாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த முகத்தை, கவுண்டரில் என்னோடு நின்ற டேரலுக்குப் பழக்கியதே நான்தான். மேலே துணி, மெத்தை, வாசனைப் பொருள் என்று ஒவ்வொரு தளமாக இருண்டபோதும் எங்கள் கவுண்டரில் ஆள் நின்றது. கடைசியில் அதுவும் போயிற்று. அலமாரிகளையும் ஆடையில்லாத பொம்மைகளையும்கூட விலை ஒட்டி விற்றார்கள். லிங்க்வுட் என்ற பெயரை நெடுஞ்சாலையோரப் பெரிய கடை வாங்கியது. கூடவே கவுண்டருக்கு ஓர் ஆளையும் எடுத்தது. நேர்முகத்துக்குப் போனது நாங்கள் இருவர். அவனுக்கு அந்தக் கடையின் சிவப்பு ஏப்ரன் கிடைத்தது, எனக்குப் பள்ளிப் பேருந்தின் ஸ்டீயரிங்.

ஏன் அவனை எடுத்தார்கள் என்று நான் கேட்டபோதெல்லாம், "அது மேலிடத்து முடிவுப்பா" என்பான். நான் ஒன்றும் பொறாமைக்காரன் இல்லை. அவன் கார் நிழலில் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் ஓட்டிப்போவேன். ஒருநாள் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன். "பிடிச்சுப் பாருங்க சார், கை சொல்லும்" என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என் வசனம். அதற்கு முன்னால் நான் இருமும் இருமலைக்கூட விட்டுவைக்கவில்லை.

இப்போது அவன் முன்னால் வாடிக்கையாளனாக நின்றேன். ராட்செட்டின் பிளந்த தலையைத் திருப்பிப் பார்த்தான். புதுக் கடையில் காரணம் பதியாமல் கம்ப்யூட்டர் நகராது. "சாதாரணப் பயன்பாடு" என்று தட்டினான்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "குழாய் போட்டியா?" என்றான்.

"என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?"

"உள்ளங்கை பூரா துரு."

கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். "கூசாமப் பொய் எழுதுற டேரல்."

"யார்கிட்ட கத்துக்கிட்டேன்?"

"அப்போ என்னைப் பத்தியும் இதே மாதிரி ஏதோ சொல்லியிருக்க. மேலிடம் கீழிடம்லாம் வேணாம். என்ன சொன்ன?"

புது ராட்செட்டை உறையிலிருந்து எடுத்து, தலையைத் திருகினான். டிக், டிக், டிக். என் பின்னால் வரிசையில் யாரும் இல்லை என்பதை அவனும் பார்த்தான்.

"எல்லாம் முடிஞ்சு நான் எந்திரிச்சப்போ இன்டர்வியூ எடுத்த அம்மா கேட்டாங்க. 'உங்களவிட இந்த வேலை தெரிஞ்ச ஆளு ஹால்டன்ல யாராவது இருக்காங்களா'ன்னு." அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. "யாருமே இல்லைங்கன்னு சொன்னேன், வெண்டல்."

ராட்செட்டை என் பக்கமாகத் தள்ளினான். அதன் மேலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.