மிதந்த சொட்டுகள்

தையல் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் ரத்ததான முகாம். நூறு பை சேரும் என்று மேலாளர் பத்திரிகைக்காரர்களிடம் முன்கூட்டியே தம்பட்டம் அடித்திருந்தார். ரத்த வங்கியிலிருந்து வந்த சோதனைக்காரி, ஒவ்வொரு பெண் தொழிலாளியின் விரலிலும் குத்தி, ஒரு சொட்டை நீலக் கரைசலில் விட்டாள். ரத்தத்தில் போதிய ஹீமோகுளோபின் இருந்தால் சொட்டு மூழ்கும், இல்லையென்றால் மிதக்கும். முக்கால்வாசிப் பெண்களுக்கு மிதந்தது.

மேலாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"என்னம்மா, எல்லாரையும் திருப்பி அனுப்புறீங்க? மூழ்குதுன்னு எழுதிட்டுப் போங்களேன்!"

"இவங்களுக்கே ரத்தம் பத்தல சார். இதுலயும் எடுத்தா மிஷின் முன்னாடி மயங்கி விழுவாங்க."

"உங்க மேலதிகாரிகிட்ட பேசுறேன்."

"தாராளமா பேசுங்க. என் கையெழுத்துப் போட்டுப் பொய் எழுத மாட்டேன்."

சோதனைக்காரி சீட்டுக் கட்டை எடுத்தாள். சொட்டு மிதந்த ஒவ்வொருத்திக்கும் 'ரத்தசோகை, சிகிச்சை தேவை' என்று சீட்டு எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் பெண் ஒருத்தி சீட்டை இரண்டு முறை படித்தாள்.

"சார், பத்து நிமிஷத்துல சோத்த அள்ளிப் போட்டுட்டு ஓடுறோம். தலை சுத்துதுன்னா நடிக்காதன்னு சொல்வீங்க. இப்ப என்ன சொல்றீங்க?"

மேலாளர் திரும்பித் தன் அறைக்கு நடந்தார். அந்தப் பெண் விடாமல் பின்னாலேயே போனாள். சீட்டும் கையுமாக மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

அன்று சேர்ந்தது பத்தொன்பது பை. மறுவாரம் ஆலைக்கு மருத்துவர் வந்தார், இரும்புச்சத்து மாத்திரைகளோடு. சாப்பாட்டு நேரமும் அரை மணியானது.