இருபது நிமிடப் பறப்பு

பாரிஸ் லா சப்பலில் எங்கள் அப்பா குகதாசனின் பலசரக்குக் கடைக்குள் கலியாணத் தரகர் சிவமணி நுழைந்தால் எனக்கு வயிறு எரியும். என்னையும் தங்கை தர்மிளாவையும் நோர்வேயின் வட அந்தத்துக்குக் கட்டிக்கொடுக்க வைத்த மனிதர் அவர். எனக்கு வார்டோ மாப்பிள்ளை, அவளுக்குப் போட்ஸ்ஃபியூர் மாப்பிள்ளை. இரண்டும் மீன் தொழிற்சாலை ஊர்கள். வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரலை வைத்துக் காட்டினார்.

"பிளேனிலை ஏறினால் இருபது நிமிசம் அண்ணை. ரெண்டு பிள்ளையளும் ஒரு வளவுக்கை இருக்கிற மாதிரி."

அப்பா உருகிப்போனார். புறநகர் வில்லியே லே பெல் வீட்டிலிருந்து கடைக்கு வரவே அவருக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். அந்த இருபது நிமிடத்தை முருங்கைக்காய் நிறுக்கும்போதெல்லாம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டார். அங்கே அடிக்கும் காற்றைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

2012 தை மாதம் தர்மிளாவுக்கு ஏழாம் மாதத்திலேயே நோவு கண்டது. புருஷன் ஒஸ்லோ போயிருந்தான். பனிப்புயலில் மலைப்பாதையைப் பூட்டிவிட்டார்கள். காற்றுச் சற்றுத் தணிந்ததும் நான் அந்தச் சின்ன விமானத்தில் ஏறினேன். அவளுடைய ஊருக்கு மேலே போய் மூன்று தரம் சுற்றினோம். ஓடுபாதை தெரியவில்லை என்று விமானி திருப்பிவிட்டார். பிள்ளை செத்துப் பிறந்தது. பக்கத்து வீட்டு நோர்வேக்காரிதான் அவளுடைய கையைப் பிடித்திருந்தாள். அப்பாவுக்கு, பிள்ளை தங்கவில்லை என்று மட்டும் சொன்னோம். விமானம் வந்து திரும்பியதைச் சொல்ல வேண்டாம் என்று தர்மிளா கெஞ்சினாள்.

இரண்டு வருடம் கழித்து, கோடை விடுமுறைக்கு நான் பாரிஸ் வந்திருந்தபோது சிவமணி மறுபடியும் வந்தார். கடைசித் தங்கை கிருஷிகாவுக்கு மெஹாம் மாப்பிள்ளையாம். அதுவும் எங்கள் பக்கத்துக் கரைதான்.

"மூண்டு பேரும் கிட்டக் கிட்ட அண்ணை. பிளேன் இருக்குது, பிறகென்ன?"

கிருஷிகா வேலையில் இருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து அவளுடைய சாதகக் குறிப்பை எடுத்துத் தூசி தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தர்மிளாவுக்கு அழைப்பெடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியைக் கல்லாவின் மேல் வைத்தேன்.

"தர்மி, அப்பாவும் சிவமணி அண்ணையும் நிக்கினம். என்ரை வீட்டிலை இருந்து உன்ரை வீடு எவ்வளவு தூரமெண்டு சொல்லு."

அவளுடைய குரல் கல்லாவிலிருந்து கேட்டது.

"பிளேன் சத்தம் கேக்கிற தூரம் அக்கா. பிள்ளை பிறக்கேக்கை நீ வந்த பிளேன் கூரைக்கு மேலை சுத்தினது கேட்டது. அக்கா வந்திட்டாள் எண்டு நினைச்சன். பிறகு சத்தம் கேக்கேல்லை."

அப்பா குறிப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். பிறகு சிவமணியின் பக்கம் சரிந்து மெல்லக் கேட்டார்.

"கோடையிலை எண்டால் பிளேன் இறங்கும்தானே?"

தர்மிளாவின் அழைப்பை நான் இன்னும் துண்டித்திருக்கவில்லை.