கோயில் ஆம்ப்ளிபயர்

காலையில் எழுந்து ஒரு ஆளுக்குத் தேநீர் போட்டேன். பாண் இரண்டு துண்டு தின்றேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். ஹாலிஎல பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ரிப்பேர் கடையைத் திறந்தேன். போன மழைக்காலத்தில் என் மனைவி கலாராணி டெங்குவில் இறக்கும்வரை அதில் இருவரும் வேலை செய்தோம்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டிப் பொருளாளர் மாரிசாமி ஆம்ப்ளிபயரை மேசையில் வைத்தார்.

"சத்தமே இல்லங்க தம்பி. கீழ் லயத்து வீடுகளுக்குக்கூடக் கேக்கல. போன திருவிழாவுக்குக் கலாப் புள்ளதான் செஞ்சு குடுத்துச்சு."

"தெரியும்."

"கமிட்டியில ஒரு பேச்சு. நல்ல ட்ரான்சிஸ்டரக் கழட்டிக்கிட்டு டூப்ளிகேட் போட்டுருச்சுன்னு. நான் சொல்லல. பேசிக்கிறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல?"

மூடியைக் கழற்றினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அவளையும் சந்தேகித்தேன். அவள் இதைச் செய்த மாதம் நல்ல சாமான் கிடைக்கவில்லை. போலி ட்ரான்சிஸ்டரில் எழுத்தைப் புதிதாக அச்சடித்திருப்பார்கள். பெயின்ட் தின்னர் பட்டால் போய்விடும். பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். எழுத்து போகவில்லை. என்னிடமிருந்த நல்லதை மாட்டியும் பார்த்தேன். அதே சத்தம்தான்.

"அப்ப வேற எதையாவது கழட்டியிருக்கும்" என்றார்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் எல்லா இடத்திலும் சரி. சிக்னலைத் தொடர்ந்து போனேன். முன்பக்கப் போர்டில் ஒரு ட்ரான்சிஸ்டர் பெருக்க வேண்டிய அளவு பெருக்கவில்லை. அதன் எமிட்டரில் இருந்த கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருந்தது. கம்பனியில் போட்டது. அவள் ஈயம் வைத்துப் பற்றவைத்த இடமே இல்லை. புதிய ஒன்றை அதன்மேல் தொட்டுப் பிடித்தேன். சத்தத்தில் மேசை அதிர்ந்தது. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மாரிசாமி தெருவைப் பார்த்தார்.

"அண்ணே, இந்தப் போர்ட அவ ஏன் பாக்கல?"

"பாக்கணும், ஒரு நாள் வெச்சிட்டுப் போங்கன்னுதான் சொல்லுச்சு. மறுநா காப்புக்கட்டு. நாந்தான் தூக்கிட்டுப் போனேன்."

"இதக் கமிட்டியில சொன்னீங்களா?"

அவர் மூடியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வேற என்ன சொன்னா?"

"ஆட்டோவுல ஏத்தயில சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. 'கொண்டு போங்கண்ணே. சத்தம் கொறஞ்சா என்னையத்தான் திருடின்னு சொல்லுவீங்க.'"