சூடு தெரியாத கை

“பிரிட்ஜுகிட்டயே சொல்லிடறேன். எனக்கு டீல சக்கரை கம்மியா இருக்கணும்.”

சின்னவள் சொன்னது நிஜமாகவே பிரிட்ஜிடம்தான். அதற்குப் பக்கத்தில் அடுப்பு இருக்கிறது, அடுப்புக்கு முன்னால் பெரியவள் நிற்கிறாள், அவளுக்கும் இரண்டு காது இருக்கிறது என்பதெல்லாம் தற்செயல்.

“சக்கரை போட்டாச்சு. பிரிட்ஜு இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்,” என்றாள் பெரியவள். அவளும் பிரிட்ஜைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இவர்கள் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் பெரியவள், தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரு மாதமாகப் பேச்சு கிடையாது. ஆண்கள் வீட்டில் இருந்தால் சேதி அவர்கள் வழியாகப் போகும். “உங்க அண்ணிகிட்ட சொல்லுங்க, மிக்சி மூடியக் காணோம்னு.” “உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுப்பா, அது மிக்சி மேலதான் இருக்குன்னு.” அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் பிரிட்ஜ்தான் தபால்காரர். வீட்டு விஷயம் முழுக்க அதற்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ அவ்வப்போது உறுமிக்கொள்ளும்.

சண்டைக்குக் காரணம் ஒரு வெள்ளைக் கோட்டு. சின்னவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். யார் யாருடைய வாய்க்கோ மெழுகில் பல் செதுக்கி, ஈறு வைத்து, சிரிக்க வைக்கிற வேலை. லேபில் புதிதாகக் கொடுத்த கோட்டைப் பெரியவளிடம் இஸ்திரி போடக் கொடுத்தாள். வேறு யாரிடம் கொடுப்பாள்? பெரியவள் ஒரு பெரிய லாண்டரியில் இஸ்திரி மேசைக்காரி. படுக்கை விரிப்பும் சட்டையும் மலை மாதிரி வந்து குவியும். அவள் கைபட்டால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். அப்பேர்ப்பட்டவள் அந்தக் கோட்டின் முதுகில் பழுப்பாக ஒரு இஸ்திரிப் பெட்டியையே அச்சடித்துக் கொடுத்துவிட்டாள்.

“பெட்டி எவ்ளோ சூடா இருக்குன்னு தெரியலயா? கையில உணர்ச்சியே செத்துப்போச்சாக்கா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டாள் சின்னவள். கோபத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டாள். அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், அது உண்மை.

பெரியவளின் கைக்குச் சூடு தெரிவதில்லை. முன்பெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாலே அந்தச் சூட்டைப் பட்டு தாங்குமா பருத்தி தாங்குமா என்று சொல்லிவிடுவாள். வருஷக்கணக்கில் ஆவியிலும் இரும்பிலும் வெந்து வெந்து, உள்ளங்கை தேய்ந்த செருப்பு மாதிரி ஆகிவிட்டது. இப்போதெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பெட்டியில் தெளித்து, அது போடும் சத்தத்தை வைத்துத்தான் காலம் தள்ளுகிறாள். கோட்டுக்கு இஸ்திரி போட்ட அன்று பக்கத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்கவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. லாண்டரியில் தெரிந்தால் மேசையிலிருந்து எடுத்து, அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அறைக்குப் போனவர்கள் யாரும் திரும்பி மேசைக்கு வந்ததில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. அவர் அதே லாண்டரியில் வேன் ஓட்டுகிறார். ஆகவே சின்னவள் கேட்ட கேள்விக்கு அவள் கண்டுபிடித்த ஒரே பதில், பேச்சை நிறுத்துவது.

ஆனால் ஒன்று. பேச்சு நின்றாலும் டீ நிற்கவில்லை. ஒருத்தி போட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போடுவாள். அந்த வீட்டு ரோஷம் டீ வரைக்கும் போகாது.

அன்றைக்கு இருவருக்கும் லீவு. உச்சி வெயில். சின்னவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு மெழுகுக் கடைவாய்ப் பல்லைச் சின்னக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் டீயை இறக்கினாள், வடிகட்டினாள், எவர்சில்வர் டம்ளர் நிறைய ஊற்றினாள். ஆவி பறந்தது. டம்ளரை வெறும் கையால், முழுசாகப் பிடித்து எடுத்துவந்து, சின்னவளின் முழங்கைப் பக்கம் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி நடந்தாள்.

சின்னவள் ஓரக்கண்ணால் பார்த்தது அந்த வெறும் கையை மட்டும்தான். இவ்வளவு நிதானமாகப் பிடித்து வந்தால் டீ ஆறித்தானே இருக்கும்? வலது கையால் அப்படியே அள்ளி எடுத்தாள். டம்ளர் விரலைச் சுட்டது, கை உதறியது, டீ மொத்தமும் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சாய்ந்தது.

அப்புறம் கத்தினாள் பாருங்கள், மாடி வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது.

பெரியவள் ஓடிவந்தாள். தன் கால்கள் ஓடுவதைத் தானே பக்கத்திலிருந்து பார்ப்பது மாதிரி இருந்தது அவளுக்கு. பயம் வர வேண்டும். வரவில்லை. உள்ளே எல்லாம் கரண்டு போன வீடு மாதிரி இருந்தது.

சின்னவளைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு இழுத்துப் போய்க் குழாயைத் திறந்து, கையை அடியில் பிடித்தாள். தண்ணீர் கொட்டியது. சின்னவள் துள்ளினாள்.

“அய்யோ! விடுங்க!”

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, தண்ணிதான், காட்டு.” தன் கையையும் அதிலேயே நனைத்து, இன்னும் அழுத்திப் பிடித்தாள் பெரியவள்.

“சுடுதுக்கா! அது சுடுதண்ணி! மொட்ட மாடி டேங்க்கு தண்ணி! உங்களுக்குத் தெரியலயா?”

மாடியில் இருப்பது கருப்பு பிளாஸ்டிக் டேங்க், காலையிலிருந்து வெயிலில் காய்ந்து கிடப்பது. குழாயில் வந்தது கிட்டத்தட்டக் குளிக்க வைத்த வெந்நீர். பெரியவளின் கை அதில் முழுசாக நனைந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஈரம் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பெரியவளின் முகத்தைப் பார்த்தாள்.

“கேன்,” என்றாள். “குடிதண்ணி கேன். அது குளுந்திருக்கும்.”

மூலையில் நிழலில் இருந்தது கேன். பெரியவள் அதை அப்படியே தூக்கி மேடையில் வைத்து, ஒரு குவளையில் மொண்டு ஊற்றினாள். ஊற்றிவிட்டு, வேறு வழியில்லாமல் கேட்டாள்.

“இது எப்படி இருக்கு?”

“இது சரி. மெதுவா ஊத்துங்க. நிறுத்தாதீங்க.”

“இப்ப?”

“சரிக்கா.”

ஒவ்வொரு குவளைக்கும் கேட்க வேண்டியிருந்தது. ஒரு மாதத்துப் பேச்சு இப்படிச் சொட்டுச் சொட்டாகத்தான் திரும்ப வந்தது.

“சட்டைக் கைய கத்திரியால வெட்டுங்க. உரிக்காதீங்க, ஒட்டியிருந்தா தோலோட வந்துரும். வாட்சையும் கழட்டிடுங்க, வீங்கினா அப்புறம் வராது.” வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் சின்னவள். “லேப்ல மெழுகு கொட்டினா இதான் செய்யச் சொல்லியிருக்காங்க. இருபது நிமிஷம் தண்ணி. வேற ஒண்ணும் கிடையாது.”

மேலேயிருந்து மாடி வீட்டு ஆன்ட்டியின் குரல் வந்தது. “என்னம்மா அங்க? கடைசில அடிதடியே ஆயிடுச்சா?”

“டீ கொட்டிருச்சு ஆன்ட்டி!”

“அய்யய்யோ! பேஸ்ட்ட எடுத்து அப்பும்மா! பல்லு வெளக்கற பேஸ்ட்டு! இல்லன்னா ஐஸு வெய்யி!”

“பல்லுக்கு உள்ளத பல்லுக்கே வெச்சுக்கோங்க ஆன்ட்டி! ஐஸும் வேணாம், அது வேற தோல தின்னும்!”

“நல்லதுக்குச் சொன்னா யாரு கேக்கறா,” என்று ஜன்னல் மூடிக்கொண்டது. இரண்டு நிமிஷத்தில் ஆன்ட்டி சின்னவளின் புருஷனுக்கு போன் போட்டிருப்பார் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

தண்ணீர் ஓடியது. முன்கை முழுக்கச் சிவந்து, மணிக்கட்டுக்கு மேலே ஒரு இடத்தில் தோல் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. பெரியவள் அதைப் பார்த்தபடி ஊற்றினாள். எத்தனையோ கொப்புளம் பார்த்தவள். தன் கையில் எழும்பும்போதெல்லாம் அடுத்த விரிப்பை இழுத்துப் போட்டு இஸ்திரியைத் தொடர்ந்தவள்.

“எவ்ளோ நாளா?” என்றாள் சின்னவள்.

“எது?”

“கை.”

குவளை காலியானது. மறுபடி மொண்டாள். “தெரியல. எப்ப போச்சுன்னு சொல்லத் தெரியல. ஒரு நாள் பாத்தா, இல்ல. லாண்டரில தெரிஞ்சா அழுக்குத் துணி பிரிக்கற அறைக்குத் தள்ளிடுவாங்க.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“உங்க மாமாவுக்கா? அவருக்குத் தெரிஞ்சா, வேன்ல ஏத்தற துணியோட சேத்து ஊரு பூரா டெலிவரி பண்ணிடுவாரு.”

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். அது பாதியில் முனகலாகிவிட்டது.

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா?” என்றாள் பிறகு. “மொதல்ல கொட்டினப்ப. வேணும்னே வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன். கோட்டு விஷயத்துக்காக.” மூக்கை உறிஞ்சினாள். “இப்பதான் புரியுது. உங்களுக்கே தெரியல. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கள்ல?”

பெரியவள் குவளையைச் சாய்த்தாள்.

கைக்குத் தெரியவில்லை. அது சத்தியம். ஆனால் கண்ணுக்கு ஆவி தெரிந்தது. அடுப்பிலிருந்து இறக்கியதே அவள்தான். டம்ளரை மேசையில் வைத்தபோது “சூடு, பாத்து” என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பல வருஷப் பழக்கத்தில் தானாக வந்தது. ‘இவகிட்ட நான் எதுக்குப் பேசணும்’ என்று அதை அப்படியே விழுங்கிவிட்டுத்தான் திரும்பி நடந்தாள். கொட்டும் என்று நினைக்கவில்லை. கொட்டட்டும் என்றும் நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை. வார்த்தை வந்தது, திரும்பிப் போனது.

இதைச் சொல்ல அதுதான் சரியான நேரம். தண்ணீர் ஊற்றினாள்.

கேனில் அடி தெரியும் சமயத்தில் சின்னவளின் புருஷன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். லிஃப்ட் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ்.

“என்ன ஆச்சு? எப்படிக் கொட்டுச்சு? யாரு...” பெரியவளைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். “அண்ணி, நீங்களா...?”

கேள்வி முடியவில்லை என்றாலும் முழுசாகத்தான் கேட்டது. ஒரு மாதமாகச் சேதி சுமந்தவன் அவன். பெரியவள் குவளையைப் பிடித்தபடி நின்றாள். ‘தெரியாம நடந்துச்சு’ என்றால், ஆவி பறக்கும் டம்ளரை வெறும் கையில் பிடித்தவளுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பான். கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் அண்ணனுக்கு, அண்ணனிடமிருந்து லாண்டரிக்கு. சொல்லாவிட்டால், ஓரகத்தி கையில் கொதிக்கிற டீயைக் கொட்டியவள். இரண்டில் எது வந்தாலும் பரவாயில்லை என்பது போல ஒரு மரத்துப்போன அமைதி அவளுக்குள் உட்கார்ந்திருந்தது.

“நான்தான் தட்டிவிட்டேன்,” என்றாள் சின்னவள். “பல்ல பாத்துட்டே கைய நீட்டினேன். அக்கா மட்டும் இல்லன்னா கை வெந்தே போயிருக்கும். மொதல்ல அந்தக் கிரீஸு கையோட என்னைத் தொடாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அவன் பெரியவளைப் பார்த்து, “தேங்க்ஸ் அண்ணி,” என்றான். பெரியவள் தலையாட்டினாள். சுத்தமான பருத்தித் துணி ஒன்றை எடுத்துக் கையின் மேல் இறுக்காமல் போர்த்திவிட்டாள். அவள் இஸ்திரி போட்டு மடித்து வைத்ததுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையைப் பார்த்துவிட்டு, உடனே தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டாராம். நல்ல வேலை செய்தீர்கள், கொப்புளத்தை உடைக்காமல் விட்டால் ஆறிவிடும் என்று சொல்லிக் கட்டுப் போட்டு, நாளை மறுபடி வரச் சொல்லி அனுப்பினாராம். திரும்பி வந்து இதைச் சின்னவள் பெரியவளிடம் நேரடியாகவே சொன்னாள். பிரிட்ஜுக்கு வேலை போய்விட்டது.

சாயங்காலம் பெரியவள் டீ போட்டாள். சக்கரை கம்மியாக. டம்ளரை ஒரு துணியால் பிடித்து எடுத்துவந்தாள்.

“சூடு, பாத்து,” என்றாள்.

அந்த வீட்டில் அதைவிடச் சுலபமான வார்த்தை இல்லை.

“அங்கயே வெய்யுங்க, ஆறட்டும்.” சின்னவள் குரலைத் தணித்தாள். “அக்கா, கை விஷயத்த நாளைக்கு லாண்டரில நீங்களே சொல்லிடுங்க. இன்னைக்கு எனக்கு ஆச்சு. நாளைக்கு உங்களுக்கே பெருசா ஏதாவது ஆனா? அந்த அறைக்கு அனுப்பினா அனுப்பட்டும். நான் உங்க கூட வரேன், ஒரு கையோட.”

“சொல்றேன்,” என்றாள் பெரியவள். நிஜமாகவே சொல்லிவிடுவாள். அந்த அறையைப் பற்றிய பயம்கூட இப்போது எங்கோ தள்ளி நின்றது.

சின்னவள் அவளுக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து, டீ ஆறக் காத்திருக்கிறாள். இவள் வேண்டுமென்றே செய்யவில்லை என்று முழுசாக நம்புகிறாள். பெரியவள் எதிரே உட்கார்ந்து, தொண்டை வரை வந்து திரும்பிப்போன அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொண்டிருக்கிறாள். கையைப் பற்றிச் சொன்னது போல அதையும் சொல்லிவிட வேண்டுமா? இல்லை, இப்போதுதான் திறந்த வாயை மறுபடி மூட வைப்பானேன் என்று விட்டுவிட வேண்டுமா? அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்களேன்?