மச்சினருக்கு வந்த சுருதி

ஒலிப்பதிவாளரின் மச்சினர் பாடத் தொடங்கினால் தெருவில் நிற்கும் கார்களெல்லாம் அலாரம் போட்டு அலறும். இதில் துளியும் மிகையில்லை. அலறியது ஒரே ஒரு கார், அதுவும் ஒரே ஒரு தடவை. ஆனால் அலறியது உண்மை.

மச்சினர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். பல்லைப் பிடுங்கும்போதும் பாடிக்கொண்டேதான் பிடுங்குவார். ஈறுக்கு மரத்துப்போகும் ஊசி கேட்டவர்களைவிடக் காதுக்குக் கேட்டவர்களே அதிகம் என்பார் ஒலிப்பதிவாளர். அப்படிப்பட்ட மனிதர் அறுபத்தொரு வயதில், தண்ணீர்த் தொட்டி மேட்டில் சைக்கிள் மிதித்து ஏறிக்கொண்டே, சுருதி சுத்தமாகப் பாடுகிறார் என்றால் என்ன அர்த்தம்? நாற்பது வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் காதை வைத்தே பிழைத்தவருக்கு அது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாக்கு வெளியே தள்ளி மேடேறுகிறவனுக்குத் தன் மூச்சைத் தவிர வேறென்ன கேட்கும்?

ஒரே வீடு. கீழே ஒலிப்பதிவாளரும் மனைவியும், மாடியில் மனைவியின் தம்பி. படிக்கட்டுக்கு அடியில் இரண்டு சைக்கிள். ஞாயிறுதோறும் இருவரும் கிளம்புவார்கள். பத்து நிமிடம் ஒருவர் முன்னால் போய்க் காற்றைக் கிழிப்பார். மற்றவர் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வார். அடுத்த பத்து நிமிடம் இடம் மாறும். மூன்று வருடமாக இந்தக் கணக்கில் ஒரு நிமிடம் பிசகியதில்லை. மேட்டில் ஒரு வாரம் இவர் முந்துவார், ஒரு வாரம் அவர்.

ஐந்து மாதத்துக்கு முன் மச்சினருக்கு இறக்கை முளைத்தது.

ஒலிப்பதிவாளர் பாதி மேட்டில் இருக்கும்போதே அவர் உச்சிக்குப் போய், வாழைப்பழம் தின்று, தோலைக் குப்பைத் தொட்டியில் போட்டு, கண்ணாடியையும் துடைத்து முடித்திருப்பார். இவர் போய்ச் சேர்ந்ததும் கைக்கடிகாரத்தை நீட்டுவார்.

“நாடித் துடிப்பு தொண்ணூத்தெட்டு அத்தான். உங்களுக்கு?”

“நூத்தி எழுபத்தொண்ணு.”

“அடடா.”

அந்த ‘அடடா’வில் ஒரு நோயாளிக்கான அத்தனை இரக்கமும் இருக்கும். தொண்ணூற்றெட்டு! ஒலிப்பதிவாளருக்குச் செய்தித்தாள் படிக்கும்போதே அவ்வளவு துடிக்கும்.

அந்த முதல் வாரத்திலேயே ஒருநாள் தாகத்தில் மச்சினரின் சைக்கிளில் இருந்த இரண்டாவது பாட்டிலுக்குக் கை நீட்டினார். மச்சினர் பதறிப்போய்த் தடுத்தார். “ஐயோ அத்தான், அது மருந்துத் தண்ணி. உங்க நெஞ்சுக்கு ஆகாது.”

அன்றுதான் தனக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பதும், அதற்குச் சிலது ஆகாது என்பதும் ஒலிப்பதிவாளருக்குத் தெரிந்தது. பிறகென்ன? நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், அதுவும் ஒரு வாளி. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். இவர் நம்பவில்லை. சர்க்கரையை நிறுத்தினார். மனைவி தினமும் காலையில் ஒரு பச்சைச் சாறு அரைத்துக் கொடுத்தாள். அதன் கசப்பில் ஜன்னலோரத்து எறும்புகள் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்தன.

இத்தனைக்கும் காரணம், இரட்டையர் பந்தயம். ஒரே நாளில், இருபது மணி நேரத்துக்குள் முந்நூறு கிலோமீட்டர். வேலையில் இருந்த காலமெல்லாம் கண்ணாடி அறைக்குள் பச்சை விளக்கையும் சிவப்பு விளக்கையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, வாழ்க்கையில் ஒரு நாளாவது விடியலிலிருந்து இருட்டும்வரை வெளியிலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசை. இருவர் பெயரும் பதிவாகியிருந்தது. விலகுவதென்றால் வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.

“விலகிடுங்க அத்தான்,” என்றார் மச்சினர். “உடம்பு சொல்றதைக் கேக்கணும். நீங்க இல்லாம எனக்கு மட்டும் என்ன பந்தயம்? நானும் வரலை.”

எவ்வளவு பெரிய மனசு என்று ஒலிப்பதிவாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை பகல் விலகல் படிவத்தைக் கணினியில் திறந்து வைத்தார். அனுப்புவதற்கு முன், தன் மூச்சு எவ்வளவு மோசம் என்று ஒருமுறை கேட்டுவிடலாமே என்று தோன்றியது. கைப்பிடியில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி மாட்டிக்கொண்டு ஓட்டுவது அவர் பழக்கம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போன ஞாயிற்றின் மேட்டைக் கேட்டார்.

தன் மூச்சு கேட்டது. செயின் கேட்டது. முன்னால் மச்சினரின் பாட்டு. பழைய பாட்டுதான், ஆனால் பக்கத்துச் சுரம் எதிலும் சறுக்காமல் கச்சிதமாக நின்றது. அந்தப் பாட்டுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. மெல்லிய, அசையாத, ஒற்றைச் சுரம்.

ஒலிப்பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடு தொடங்கும் இடத்தில் அந்தச் சுரம் பிறந்தது. பாட்டோடு சேர்ந்து தேய்ந்துகொண்டே போய், மச்சினர் உச்சியைத் தொட்டதும் செத்தது. இடையில் மச்சினர் அதன்மேல் சாய்ந்துகொண்டு, தம்புரா வைத்துக்கொண்ட வித்வான் மாதிரி பாடியிருந்தார். அதற்கு முந்தைய ஞாயிற்றைக் கேட்டார். அதே சுரம். ஐந்து மாத ஞாயிறுகளையும் கேட்டார்.

மோட்டார்.

மாடியில் மச்சினர் மதியக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவாளர் படிக்கட்டுக்கு அடியில் குனிந்தார். பின் சக்கரத்தின் நடுவில், கறுப்புத் துணிப்பட்டிக்குள் கொழுத்த ஒரு உருளை. இரண்டாவது பாட்டிலின் அடியிலிருந்து ஒரு கம்பி. மருந்துத் தண்ணியாம்! அவருக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நூற்று ஐம்பது நாள் அந்தச் சாற்றைக் குடித்திருக்கிறார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிறு விடியலில், மச்சினர் மேலே காலுறை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஆயுசு முழுக்கக் கம்பிகளோடு குடும்பம் நடத்திய விரல்கள் அந்தச் சின்ன ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டன.

மேடு வந்தது. மச்சினர் கட்டைவிரலால் எதையோ அமுக்கிவிட்டுப் பாட்டை எடுத்தார். முதல் வரி தரையில் விழுந்தது. மறுபடி அமுக்கினார். இரண்டாவது வரி சாக்கடையில் விழுந்தது. மூன்றாவது வரிக்கு மூச்சே இல்லை. மோட்டாரின் கனத்தையும் சேர்த்து இழுக்க வேண்டுமே! சைக்கிள் பாம்பு போல நெளிந்தது.

“என்ன மாப்ள, பாட்டை நிறுத்திட்டே?” என்றபடி ஒலிப்பதிவாளர் அவரைத் தாண்டிப் போனார்.

உச்சியில் தன் வாழைப்பழத்தை உரித்து, நிதானமாக, ஏறக்குறைய ஒரு வருடம் தின்றார். மச்சினர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“கையை நீட்டு.”

நீட்டிய உள்ளங்கையில் ஃப்யூஸை வைத்தார். “இந்தப் பல்லு உன்னோடதா பாரு மாப்ள. வலிக்காமத்தான் பிடுங்கினேன்.”

மச்சினர் அதைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார்.

“முட்டி போச்சு அத்தான். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“முட்டிக்கு மோட்டார் வை. யாரு வேணாம்னா? என்னை எதுக்குடா நெஞ்சு நோயாளி ஆக்கினே?”

“பந்தயத்துல கிளம்பறப்ப சைக்கிளைச் சோதிப்பாங்க. நீங்களா விலகிட்டா...”

“நீ பெரிய மனுசன் ஆயிடலாம்.”

மச்சினர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, அதுவும் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ, “அக்காவுக்கும் தெரியும்,” என்றார். “மாடியில பிளக் பாயிண்ட் சரியில்லை. சனிக்கிழமை சார்ஜ் போட்டுக் குடுக்கறதே அக்காதான்.”

இறக்கத்தில் ஒலிப்பதிவாளர் தனியாக இறங்கினார். இடம் மாற்றிக்கொள்ள யாருக்காகவும் நிற்கவில்லை.

மனைவி பச்சைச் சாறோடு வாசலில் நின்றாள். அவர் நேராகத் தையல் மிஷினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். சனிக்கிழமைதோறும் அங்கே ஒரு பச்சை விளக்கு எரியும். கேட்டபோது கொசு விரட்டி என்றிருந்தாள்.

“கொசு போயிடுச்சா?”

அவளுக்குப் புரிந்துவிட்டது. டம்ளரை மேஜையில் வைத்தாள். “முந்நூறு கிலோமீட்டர்ங்க. எங்கேயாவது ரோட்டோரமா நீங்க விழுந்து கிடந்தா? நான் சொன்னா கேட்டிருப்பீங்களா?”

“கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன்.” குரல் இறங்கியது. “ஆனா ராத்திரியெல்லாம் நெஞ்சுல கை வெச்சுத் துடிப்பை எண்ணிட்டுப் படுத்திருக்க மாட்டேன். பக்கத்துலதானே படுத்திருந்தே?”

டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினாள். அதுதான் பதில் என்றால், ஐந்து மாதம் தாமதம்.

மாலை ஐந்தே முக்காலுக்கு விலகல் படிவத்தை மூடினார். பதிவுப் பக்கத்தில் ‘இரட்டையர்’ என்பதை எடுத்துவிட்டுத் ‘தனி’ என்று மாற்றினார். உடன் வருபவர் பெயரை நீக்கலாமா என்று கணினி கேட்டது. நீக்கலாம் என்றார். உறுதியாகவா என்று மறுபடி கேட்டது. அந்த வீட்டில் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தது அது ஒன்றுதான்.

பிறகு பழைய ஞாயிறுகளை ஒவ்வொன்றாக அழித்தார். கடைசி ஒன்று மிச்சம். அழிப்பதற்குமுன் ஒருமுறை போட்டுக் கேட்டார். படுபாவி, அவ்வளவு பொய்க்கு நடுவிலும் சுருதி இம்மி பிசகவில்லை. விரல் பொத்தானுக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது.

அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டை அந்தத் தொண்டையிலிருந்து இனிமேல் அப்படிக் கேட்க முடியாது.