சோடியம் இல்லாத பாட்டில்

எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் சிட்டு என்று கூப்பிடுகிறவள், அந்தத் தப்பைச் செய்ததை முதல் வாரமே பார்த்துவிட்டேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் வேலை இதுதான். பாக்டீரியா அமினோ அமிலத்தை உள்ளே இழுக்கச் சோடியம் அயனி துணைக்கு வேண்டுமா என்று பார்க்க வேண்டும். சோடியம் துளியும் இல்லாத கரைசல் ஒன்று, சோடியம் கலந்தது ஒன்று. இரண்டிலும் பாக்டீரியாவை விட்டு, எதில் எவ்வளவு புரோலின் என்ற அமினோ அமிலம் உள்ளே போனது என்று அளப்போம். அவளுக்கு ஒரு பாக்டீரியா, எனக்கு வேறொன்று. சோடியம் இல்லாத கரைசலின் அமிலத்தன்மையைச் சரிக்கட்டக் காரம் சேர்க்கும்போது பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத்தான் எடுக்க வேண்டும். சிட்டு பழக்கதோஷத்தில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றினாள். பால் ஆகாது என்றவருக்குத் தயிரை ஊற்றுகிற கதை.

ஏன் சொல்லவில்லை? நிரந்தர வேலை ஒன்றுதான் காலி. நான் ஆறு வருஷமாகக் காத்திருக்கிறேன். இவள் நேற்று வந்தவள். பேராசிரியை இவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எனக்கு வயிறு எரிந்தது. அவ்வளவுதான்.

மூன்று வருஷம் அதே கை, அதே பாட்டில். "என் பாக்டீரியாவுக்குச் சோடியமே வேணாம்ணா, அது இல்லாமலே புரோலினை அள்ளுது!" என்று குதிப்பாள். "பிரமாதம்மா" என்பேன். வேடிக்கை என்னவென்றால் என்னுடையதும் அப்படித்தான் அள்ளியது. ஆனால் என் கரைசல் சுத்தம்; நானே கலந்தது. ஒருமுறை கலந்தால் மாதக்கணக்கில் வரும், நான் அவ்வளவு சிக்கனம். அந்த முடிவைக் கட்டுரையாகவும் வெளியிட்டேன். அதை நம்பித்தான் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன்.

அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு தடவை பார்த்துடுங்கண்ணா. தப்பு இருந்தா உங்க கண்ணுலதான் படும்."

செய்முறைப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். சோடியம் ஹைட்ராக்சைடு என்று பளிச்சென்று எழுதியிருந்தாள், பைத்தியக்காரி.

"ஒரு குறையும் இல்ல, தைரியமா போ" என்றேன்.

மறுநாள், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதே பக்கத்தில் விரலை வைத்தார். "சோடியம் இல்லாத கரைசல்னு சொல்றீங்க. காரம் எது சேர்த்தீங்க?"

சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "ஆய்வை முதல்ல இருந்து பண்ணுங்க" என்றார் தேர்வாளர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு இனித்தது; மறைப்பானேன்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "விடும்மா, இன்னொரு தடவை பண்ணிக்கலாம்" என்று ஆரம்பித்தேன். தலையை ஆட்டினாள்.

"எனக்காக அழலண்ணா. உங்க பாட்டில் குறையுறப்பல்லாம் நான் கலக்கும்போது அதையும் சேர்த்து நிரப்பி வைப்பேன். உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னுதான். இப்ப உங்க கட்டுரை என்னண்ணா ஆகும்?"

தேர்வாளர் பைக்குள் காகிதங்களை வைத்தபடி எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"எந்தக் கட்டுரை?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சிட்டுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். தலைப்பு, வருஷம், பக்க எண் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.