ஒரு வாய்த் தண்ணீர்

என் தங்கை உண்ணாமலைக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு. வாயால்தான் மூச்சு. "ஈ போறதுகூட தெரியாம ஆன்னு உக்காந்திருக்கா பாரு" என்று எங்கள் அம்மா வெள்ளையம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். மூன்று வரன்கள் தட்டிப் போனதற்கும் அந்த வாய்தான் காரணம் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஊருக்கு வந்த ஒரு நர்ஸம்மா ஒழுங்காகத்தான் சொன்னார். "மூக்கால மூச்சு விட்டா தூசி உள்ள போகாது, தொண்டை காயாது. தினம் ரெண்டு நிமிஷம் ஒரு வாய் தண்ணி வெச்சுக்கிட்டு இருக்கச் சொல்லுங்க, மூக்கு தன்னால பழகிடும். ஆனா அடைப்பு இருக்கறப்ப கட்டாயப்படுத்தாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க."

அம்மா தண்ணீர் வரைக்கும் கேட்டாள். மீதிக்கு அவளுக்குக் காது கிடையாது.

இரண்டு நிமிஷம் அரை மணி ஆனது. வாயில் தண்ணீரோடுதான் உண்ணாமலை வாசல் பெருக்கினாள், மாவு ஆட்டினாள். கடைசியில் அதை அம்மா எதிரில் துப்பிக் காட்ட வேண்டும். விழுங்கியிருந்தால் மண்டையில் குட்டு. சளி பிடித்த நாட்களில் அவள் முகம் சிவந்து கண் பிதுங்கும். நாங்கள் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

நாலாவது வரன் கீழ்பென்னாத்தூர் இருசப்பன். நாற்பத்திரண்டு வயது, பெண்டாட்டி செத்து ஒரு வருஷம், இரண்டு பிள்ளைகள். என் தங்கைக்கு இருபது. அவர்கள் வருகிற அன்று தலை பின்னிவிடும்போது சொன்னாள், "அக்கா, என்னைக் கேட்டாங்கன்னா வேணாம்னு சொல்லிடுவேன்."

"சொல்லு" என்றேன். பெரிய தைரியசாலி மாதிரி.

வேன் வந்து நின்றதும் அம்மா டம்ளரை என் கையில் திணித்தாள். "ஒரு வாய் ஊத்து. அவங்க போற வரைக்கும் முழுங்கக் கூடாது." அன்றைக்குத் தங்கைக்கு நல்ல சளி. அது தெரிந்தும் ஊற்றினேன். அம்மாவை எதிர்க்க எனக்குத் துப்பில்லை.

பாயில் உட்கார்ந்தாள். பெயர், படிப்பு எல்லாவற்றுக்கும் அம்மாவே பதில் சொன்னாள். பிறகு இருசப்பனின் அம்மா குனிந்து, "மாப்ளைய புடிச்சிருக்காம்மா? உன் வாயால சொல்லு" என்றாள்.

உண்ணாமலை அவசரமாக விழுங்கப் பார்த்தாள். புரையேறிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பொறந்த வீட்ட விட்டு வரணுமேனு இப்பவே அழுவுறா பாருங்க" என்று அந்த அம்மாள் பூரித்துப் போனாள். "வாயே தொறக்கல. நல்ல வளப்பு."

தங்கை எழுந்து கொல்லைக்கு ஓடினாள். அவர்கள் வெட்கம் என்று சிரித்தார்கள். நான் பின்னாலேயே போனேன். துணி துவைக்கும் கல்லில் சாய்ந்து துப்பினாள், இருமினாள், வாயைத் திறந்து திறந்து காற்றை இழுத்தாள். பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று.

"வேணாம். எனக்கு அந்த ஆள் வேணாம், அக்கா."

அம்மா கதவருகில் நின்றிருந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"தட்டு மாத்தியாச்சு" என்றாள். "இனிமே நீ எதால மூச்சு விட்டா எனக்கென்ன? அது அவங்க பாடு."